ஞாயிற்றுக்கிழமை ஜாவா

மத்திய சிறை, ஹைதராபாத்
6.6.2010

பிரியமுள்ள சபீனா அக்காவுக்கு,

தம்பி டேனியல் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உன் மூட்டு வலியும் பிரஷரும் எப்படி இருக்கின்றன? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? போட மாட்டாய், தெரியும்.

நீ என்னைப் பார்க்க வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் முதல் செவ்வாய்க்கிழமை தவறாமல் முலாகாத்துக்கு வந்துவிடுவாய். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று என் முடி, என் சட்டை, என் முகம் எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டுப் போவாய். இப்போது குறை சொல்ல ஆளில்லாமல் அழகாகிக்கொண்டிருக்கிறேன். வேலை அதிகமா? கோபமா?

இங்கே ஒரு விசேஷம். புதிதாக வந்திருக்கும் சூப்பரண்டென்ட் அய்யா ஜெயிலுக்குள்ளேயே மோட்டார்சைக்கிள் கண்காட்சி வைக்கப் போகிறார். ஊரில் சாஃப்ட்வேர் பையன்கள் பழைய வண்டிகளை வாங்கி, ஹேண்டிலை நீட்டி, டேங்கை மாற்றி, தங்கள் இஷ்டத்துக்குச் செய்துகொள்கிறார்களாம். அதற்கென்று கிளப்பே வைத்திருக்கிறார்கள். அந்த வண்டிகள் உள்ளே வரும். கைதிகள்தான் பார்த்து ஓட்டுப் போட்டுப் பரிசு கொடுக்க வேண்டும். எங்கள் வொர்க்ஷாப்பும் ஒரு வண்டி கட்டிப் போட்டிக்கு நிறுத்தலாம் என்றார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடந்து மக்கிய மூன்று வண்டிகளைத் தந்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்தால் ஒன்று தேறும்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு என்ஜினைப் பிரித்தேன் அக்கா. கையில் கிரீஸ் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த புருஷோத்தமன் கண்ணில் தூசியா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அப்பாவின் ஜாவா எப்படி இருக்கிறது? போலீஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ஸ்டார்ட் செய், சாக விட்டுவிடாதே என்று. அதை எழுது. இங்கே சாலைச் சத்தம் எதுவும் வராது. எங்கள் பாரக்குக்கும் வெளிச் சுவருக்கும் நடுவில் தோட்டமும் இன்னொரு சுவரும் இருக்கின்றன. வண்டிச் சத்தம் என்று நான் கேட்பது உன் கடிதத்தில்தான்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர் இங்கே வார்டர் அருணாசலம் சார் ஒருவர்தான், சித்தூர்க்காரர். அவர் படித்து முத்திரை குத்தினால்தான் கடிதம் வெளியே போகும், உள்ளே வரும். அவர் லீவு போட்டால் நம் பாசத்துக்கும் லீவு. ஆகவே பதில் தாமதமானால் பயப்படாதே.

உன் தம்பி,
டேனியல்


போலாரம்
27.6.2010

கர்த்தருக்குள் அன்பான தம்பி டேனிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ அழகாவதாக எழுதியதைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். மாத்திரை போடுகிறேன். மூட்டு வலி படிக்கட்டில் மட்டும்தான். போலாரத்திலிருந்து அங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது, அதுதான் தள்ளிப் போகிறது. கோபம் ஒன்றும் இல்லை.

இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்புமுன் ஜாவா ஸ்டார்ட் ஆனது. ஒரே உதை. முதலில் இருமியது, பிறகு அப்பா ஓட்டும்போது கேட்குமே, அதே டப்டப் சத்தம். நீல நிறமாகப் புகை வந்தது. இரண்டு நிமிஷம் ஓடட்டும் என்று நின்று கேட்டேன். நேற்றுதான் பங்க்கில் அரை லிட்டர் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினேன். கொய்யா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. தெருப்பிள்ளைகள் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

போஸ்ட்மேன் சரியாக வருவதில்லை. இனி கடிதங்களைச் சர்ச் விலாசத்துக்கே போடு. போதகர் வாங்கி வைத்துத் தருவார்.

கண்காட்சி என்ற சாக்கில் யாரிடமும் வாய் கொடுத்துச் சண்டை இழுக்காதே. உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அன்புள்ள அக்கா,
சபீனா


மத்திய சிறை
18.7.2010

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம், சுகம் அறிய ஆவல். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. புருஷோத்தமனுக்கும் தெலுங்கில் சொன்னேன்.

ஒரு சந்தேகம். பெட்ரோலில் ஆயில் கலந்துதானே ஊற்றுகிறாய்? ஜாவாவுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. தனியாக என்ஜின் ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் அதற்கு உயிர். லிட்டருக்கு ஒரு சின்ன மூடி அளவு. நீ எழுதியதில் ஆயில் பேச்சே இல்லை, அதனால் கேட்கிறேன். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் சில வாரத்தில் பிஸ்டன் இறுகிவிடும்.

இன்னொன்று. உன் கடிதத்தின் மேல் ஏ.எஸ்.ராவ் நகர் தபால் முத்திரை இருந்தது. போலாரத்தில் தபால் பெட்டியைத் தூக்கிவிட்டார்களா? அவ்வளவு தூரம் வந்தவள் இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் ஜெயில் வந்துவிடுமே.

வண்டி வேலை நடக்கிறது. மூன்று வண்டியில் ஒன்றின் சட்டம் நேராக இருக்கிறது. வெல்டிங் ராடு ஒவ்வொன்றையும் எண்ணித் தந்து எண்ணி வாங்குகிறார்கள்.

உன் தம்பி,
டேனியல்


போலாரம்
22.8.2010

அன்பான டேனிக்கு,

நலம். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தேன், அங்கேயே பெட்டியில் போட்டேன். அவசரத்தில் உன்னை வந்து பார்க்க முடியவில்லை.

வண்டிக்கு எல்லாம் சரியாகத்தான் ஊற்றுகிறேன். நீ கவலைப்படாதே. இன்றும் ஸ்டார்ட் ஆனது, இரண்டாவது உதையில். சத்தம் நன்றாக இருந்தது.

பள்ளிக்கூட ஆபீஸில் வேலை அதிகம், அதனால் சின்னக் கடிதம். சாப்பாட்டில் குறை வைக்காதே.

அக்கா


மத்திய சிறை
19.9.2010

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. ஆயில் விஷயத்தை விட்டுவிடு, இனி கேட்கவில்லை. நீ எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து எனக்கு எழுது. நீளமாக எழுது. புகை, சத்தம், தெருவில் யார் எட்டிப் பார்த்தார்கள், எல்லாவற்றையும்.

எங்கள் வண்டிக்கு டேங்க் தயார். தண்ணீர் பிடிக்கும் தகர டிரம்மை வெட்டி அடித்தது. புருஷோத்தமன் அதன்மேல் ஒரு கழுகு வரைந்தான். ஜெயிலில் கழுகு வேண்டாம், மேலதிகாரிகள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று அருணாசலம் சார் சொன்னதால் அதைக் கோழியாக்கிவிட்டான். இப்போது சிறகு விரித்த சேவல் ஒன்று எங்கள் டேங்கில் இருக்கிறது. ஆறடி ஆட்களெல்லாம் அதற்கு வாலில் எத்தனை இறகு என்று சண்டை போடுகிறார்கள்.

பகலில் இப்படிப் போய்விடுகிறது. லாக்கப் ஆனபிறகுதான் கஷ்டம். செவ்வாய்க்கிழமைகளில் மற்றவர்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். என் பெயர் வருமோ என்று இன்னும் சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருகிறேன். நீ வரவில்லை என்று குற்றம் சொல்லவில்லை. தனியாக இருக்கிறது அக்கா, அவ்வளவுதான்.

உன் தம்பி,
டேனியல்


போலாரம்
14.11.2010

கர்த்தருக்குள் அன்பான டேனிக்கு,

உன் கடிதம் என் கைக்கு வரவே நாளாகிவிட்டது. வந்த பிறகும் என்னால் உடனே எழுத முடியவில்லை. காய்ச்சல். கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுக்கை. இப்போது எழுந்து நடமாடுகிறேன், பயப்படாதே. கஞ்சி வைத்துத் தர நல்ல பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள்.

நீ சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவதை எழுதியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

காய்ச்சலிலும் ஞாயிறு தவறவில்லை. எழுந்திருக்க முடியாமல் ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் படுத்தபடியே கேட்டேன். அன்று அப்பா நினைவு அதிகமாக வந்துவிட்டது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடிந்து அவர் காலனிக்குள் திரும்பும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா அடுப்பில் டீ வைப்பாள். நீ ஓடிப்போய் டேங்கின் மேல் ஏறி உட்காருவாய். நான் பெரியவள் என்று எனக்கு அந்த இடம் கிடைத்ததே இல்லை. அந்தக் கோபம் இன்றும் உண்டு.

சேவலுக்கு வாலில் நிறைய இறகு வைக்கச் சொல்.

அக்கா


மத்திய சிறை
12.12.2010

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். காய்ச்சல் முழுதும் விட்டதா? கிறிஸ்துமஸுக்கு நல்ல புடவை எடுத்துக்கொள்.

படுத்தபடியே கேட்டதாக எழுதியிருந்தாய். யார் ஸ்டார்ட் செய்தார்கள் என்று கேட்க மாட்டேன்.

கண்காட்சி குடியரசு தினத்தன்று. வொர்க்ஷாப்பில் வேலை செய்த ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைக்கலாம் என்று சூப்பரண்டென்ட் அய்யா உத்தரவு போட்டுவிட்டார். கம்பிவலை கிடையாது. மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். புருஷோத்தமனுக்கு அவன் மனைவி வருகிறாள், அதனால் தினமும் இரண்டு தரம் குளிக்கிறான்.

வா அக்கா. நான் கட்டிய வண்டியைப் பார்க்க வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டாம் என்றாலும் சரி, சேவலைப் பார்க்க வா.

உன் தம்பி,
டேனியல்


போலாரம்
16.1.2011

அன்பான டேனிக்கு,

நலம். இருபத்தாறாம் தேதி என்னால் வர முடியாது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பொறுப்பு என்மேல். விட்டுவிட்டு வர முடியவில்லை. மன்னித்துக்கொள்.

அன்றைக்கு அங்கே நீ என்ன பார்த்தாலும் அக்காவைத் தப்பாக நினைக்காதே.

சபீனா


மத்திய சிறை
30.1.2011

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் பெரிய கேட்டின் வழியாக வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேட்டிலேயே டேங்கை முழுதும் வடித்துவிட்டார்கள். ஜெயிலுக்குள் பெட்ரோல் கூடாதே. தலைக்கு ஒரு டம்ளர் பெட்ரோல், அதுவும் அதிகாரி முன்னால், ஒரு தடவை மட்டும் ஸ்டார்ட் செய்து காட்ட. அதனால் பாதி நாள் வரை அது சத்தமே இல்லாத கண்காட்சி. நூற்றுக்கணக்கான ஆட்கள் வாயை மூடிக்கொண்டு மோட்டார்சைக்கிள்களைச் சுற்றி நடந்தார்கள். சிலர் ஹேண்டிலைப் பிடித்து லேசாகத் திருகிவிட்டு அடுத்தவனுக்கு இடம் விட்டார்கள். சர்ச்சில் நற்கருணை வாங்கும் வரிசை மாதிரி இருந்தது.

ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு டப்பா. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, அதுதான் ஓட்டு. ஸ்பீக்கர் வைத்து, பின்னால் அண்டா சைஸ் டயர் போட்ட சிவப்பு வண்டி ஒன்று முதல் பரிசை அடித்துக்கொண்டு போனது. எங்கள் சேவலுக்கு மூன்றாம் இடம். புருஷோத்தமனின் மனைவி சேவலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவன் மூக்கையும் தொட்டுப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் என் கொட்டையை எந்த டப்பாவில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தால் வொர்க்ஷாப் ஆட்கள் உதைப்பார்கள்.

கடைசி வரிசையில் பச்சைப் பெயின்ட் அடித்த வண்டி ஒன்று நின்றது. ஒற்றை சீட், நீட்டிய ஹேண்டில், சின்ன மட்கார்ட். அடையாளமே தெரியவில்லை. ஆனால் கியர் லீவர்தான் கிக் லீவரும், அதனால் ஜாவா என்று தெரிந்தது. குனிந்து பார்த்தேன். லீவரின் கழுத்தில் பித்தளை ஒட்டு. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஒட்டிய அந்தக் கோணல் ஒட்டு. எல்லாவற்றையும் மாற்றியவன் அதை மட்டும் மாற்றவில்லை.

வண்டிக்காரன் சுதர்சன் என்ற பையன். மெட்ராஸ். கம்பெனி வேலை. எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"போலாரத்துல ஒரு அக்காகிட்டண்ணா. வாடகை வீடு. ஓனர் அபார்ட்மென்ட் கட்டப்போறேன்னு இடிச்சுட்டாரு. அவங்க இப்ப ஏ.எஸ்.ராவ் நகர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருக்காங்க. வண்டி வெக்க எடமில்லன்னு குடுத்தாங்க."

அவன் முறை வந்தது. டம்ளர் பெட்ரோலை ஊற்றினார்கள், அவனே ஆயிலும் கலந்தான். ஒரே உதை. அக்கா, அந்தச் சத்தம். முதலில் இருமியது. பிறகு டப்டப்.

"நல்லா வெச்சிருக்கீங்க"ன்னு சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வாரா வாரம் ஓடுதுல்ல, அதான்"னு சிரித்தான். "அந்தக்கா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்கண்ணா. ஞாயித்துக்கெழம காலைல ஹாஸ்டல் வாசலுக்கு வந்து ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணணும், அவங்க நின்னு கேப்பாங்க. யாருக்கோ வாக்குக் குடுத்திருக்காங்களாம். நானும் போறேன். நடுவுல அவங்களுக்கு ஜுரம், கீழ வர முடியல. ஹாஸ்டல் பொண்ணுங்க ஜன்னலத் தொறந்து விட்டாங்க. இங்க கொண்டு வரப்போறேன்னதும் முகமே மாறிடுச்சு. வேணாம்பான்னாங்க. கிளப்புல பேர் குடுத்தாச்சுக்கான்னேன்."

என் விரல் மறுபடி அந்தப் பித்தளை ஒட்டின் மேல் போயிருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எங்கப்பா வண்டி என்றேன். பாவம், ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நீங்க எதுக்குண்ணா உள்ள, என்று கேட்டான். மெக்கானிக் கடையில் கஸ்டமரோடு சண்டை, கையில் ஸ்பேனர் இருந்தது, ஒரே அடி, அந்த ஆள் பிழைக்கவில்லை, ஏழு வருஷம் என்றேன். உன்னிடம் எதையும் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

ஆயில் பற்றி நான் கேட்டு நீ மழுப்பியபோதே வண்டி உன்னிடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. வெறும் பெட்ரோலில் அத்தனை ஞாயிறு ஓடியிருந்தால் என்றைக்கோ இறுகிப்போயிருக்கும். புகையும் சத்தமும் எல்லாம் நீ இட்டுக்கட்டியது என்று நினைத்தேன். கேட்டால் கடிதத்தையும் நிறுத்திவிடுவாயோ என்று பயந்து பேசாமல் இருந்தேன். பொய்யாவது வரட்டும் என்றிருந்தேன். இப்போது பார்த்தால் பெட்ரோலும் கொய்யாவும்தான் பொய். சத்தம் நிஜம். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீடு போனால் போகட்டும். வண்டி நல்ல கையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நீ நின்றால் போதும்.

உன் தம்பி,
டேனியல்


ஏ.எஸ்.ராவ் நகர்
20.2.2011

டேனிக்கு,

நேராகக் கேட்டிருக்கலாமே, கழுதை. ஆயில், முத்திரை, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாய். நானும் இல்லாத கொய்யா மரத்துக்குக் காய் எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவும் தம்பியும் நல்ல ஜோடி.

உன் கடிதம் வந்து நாளாகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. பேப்பரில் என்றால் வருகிறது. வீடும் இல்லை, வண்டியும் இல்லை என்று தெரிந்தால் வெளியே வரும் நாளுக்காக நீ காத்திருப்பதையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன். உனக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கும் அப்படித்தான். அதனால்தான் இந்தக் கூத்தெல்லாம்.

இந்த ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது உங்கள் ஜெயிலின் காவல் கோபுரம் தெரியும். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்தது எனக்கே ஆறவில்லை. இங்கே யாருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. இனி சொல்லிவிடுவேன். வேலை போனால் இன்னொன்று.

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை முலாகாத்துக்கு வருகிறேன். நல்ல சட்டை போடு. அதற்கு முன்னால் ஒன்று. ஆறாம் தேதி ஞாயிறு சர்ச் முடிந்ததும் சுதர்சன் தம்பியோடு ஜெயில் மதில் ஓரம் வருவேன், வாட்டர் டேங்க் பக்கம். அங்கே ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் நான் மட்டும் கேட்டேன். ஒரு தடவையாவது நீயும் கேள். பதினோரு மணிக்குக் காதைத் திறந்து வை.

உன் அக்கா


ஏ.எஸ்.ராவ் நகர்
6.3.2011, ஞாயிறு

டேனிக்கு,

என்ன சொல்ல. இன்றைக்கென்று பார்த்து அது ஸ்டார்ட் ஆகவில்லை.

பின்னால் உட்காரச் சீட்டே கிடையாது, அதனால் நான் ஆட்டோவில் வந்தேன். அவன் முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தான், வழி முழுதும் நன்றாகத்தான் ஓடியது. மதில் ஓரம் நிறுத்தி அணைத்தோம். பதினோரு மணி ஆகட்டும் என்று நான்தான் அணைக்கச் சொன்னேன். பிறகு உதைத்தால் அசையவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், ஊதினான், மறுபடி உதைத்தான். சட்டை நனைந்துவிட்டது பிள்ளைக்கு. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முதலில் சிரித்தார், பிறகு, "நக்கோ பாய், இதர் நக்கோ, ஆகே லேஜாவ்" என்று விரட்டினார். மெயின் ரோடு வரை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தோம். என் மூட்டு வலிக்கு நல்ல மருந்து.

நீ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏமாந்திருப்பாய். அதை நினைத்து ஆட்டோவிலேயே அழுகை வந்தது. செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நீ படிக்குமுன் நானே வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை, கடிதம் முந்த வேண்டுமானால் அருணாசலம் சார் லீவில் இல்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா


மத்திய சிறை
6.3.2011, ஞாயிறு மாலை

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீ வெயிலில் நின்றது உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே?

கேட்டது அக்கா. பதினோரு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒரே உதை. முதலில் இருமியது, பிறகு அப்பா காலனிக்குள் திரும்பும்போது வருமே, அதே டப்டப். கடைசி வரை நின்று கேட்டேன்.

சைலென்சர் மட்டும் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. கழற்றிக் கரியைச் சுரண்டச் சொல்லி சுதர்சனிடம் சொல். மற்றபடி சத்தம் ரொம்ப நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் தம்பி,
டேனியல்